அடங்கத் தெரிந்த ஸ்பீக்கர்

மிக்ஸிங் மேசையின் மேல் வெள்ளைக் கூம்போடு உட்கார்ந்திருக்கும் யமஹா என்எஸ்-10எம் ஸ்பீக்கரின் பெரிய பலம், ஒலியை உரிய நேரத்தில் நிறுத்திவிடுவது. பழைய ஜோடிக்கு விலை பேசுகிறவர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வந்த ஸ்பீக்கர் இது. அங்கே எடுபடவில்லை. பாப் கிளியர்மவுண்டன் போன்ற ஒலிப்பொறியாளர்கள் கையில் எடுத்த பிறகே நிலைத்தது. உச்ச ஒலி காதைக் குத்தியதால் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வேலை பார்த்தார்கள். 1987-ல் வந்த ‘ஸ்டுடியோ’ மாடலில் அந்தக் குத்தல் குறைந்தது.

பலவீனமும் உண்டு. கிக் டிரம்மின் அடிநாதம் மெலிந்துதான் வரும். 1,500 - 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தூக்கலாக இருக்கும். ஆனால் குரலும் கிட்டாரும் மோதிக்கொள்ளும் இடமும் அதுதான். மிக்ஸிங்கில் பிசகினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டியோ காற்றுத் துளை இல்லாமல் முழுக்க மூடியது. துளை வைத்த பெட்டி பேஸைக் கூட்டித் தரும். அடி நின்ற பிறகும் சற்று முழங்கும். இதில் கிக் டிரம், பந்தைப் பிடித்த வேகத்தில் ஸ்டம்பைத் தட்டும் விக்கெட் கீப்பர்போல, விழுந்ததும் முடிந்துவிடும். 2001-ல் ஒலியியல் ஆய்வாளர்கள் பிலிப் நியூவெல், கீத் ஹாலந்து குழு, அருகில் வைத்துக் கேட்கும் பல நியர்ஃபீல்டு மானிட்டர்களோடு ஒப்பிட்டு அளந்தபோதும் இந்த வேகமே தனித்துத் தெரிந்தது.

அதே 2001-ல், கூம்புக்கேற்ற மரக்கூழ் கிடைக்காமல் உற்பத்தி நின்றது. எனவே அந்தக் கூம்புள்ள வூஃபரின் நிலை முக்கியம். கூம்பை இரு கை விரல்களாலும் சீராக, மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயிலில் பழுது. பிறகு மோனோவில் ஒரு குரலை ஓடவிட்டு, சுமார் ஒரு மீட்டர் தள்ளி நடுவில் உட்காருங்கள். குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தால், ஒரு ட்வீட்டர் தளர்ந்திருக்கும் அல்லது மாற்றப்பட்டிருக்கும். பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வெளியே திராணியுள்ளதாக ஒன்று வேண்டும். சக்தி போதாத ஆம்பை முறுக்கினால் ஒலி சிதைந்து ட்வீட்டர் கருகிவிடும்.

இரண்டு பெட்டியும் ஒத்துப்போகும் ஜோடி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அடி பேஸைச் சரிபார்க்க மட்டும் இன்னொரு ஸ்பீக்கர் வேண்டும். குரலின் அளவை முடிவு செய்ய இதையே நம்பலாம்.