வாயிலிற் கேட்ட சொல்

ஒருவர் தாம் பெற்ற இறையன்பைப் பிறர்க்கு எங்ஙனம் கொடுத்தல் கூடும் என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயதொன்றாம். பொருளைக் கையாற் கொடுக்கலாம். கல்வியை வாயாற் கொடுக்கலாம். அன்பைக் கொடுத்தற்குரிய கருவி யாது? தம் சமயத்தைப் பிறர்க்கு அறிவித்தலைத் தலையாய கடனாகக் கொண்டவர் கிறித்தவர். அவருள் இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையினின்றே விடை கண்டெழுதியவர் இங்கிலாந்து தேயத்து ஜான் பனியன் (1628–1688) ஆவர். அவர் 1666-ல் வெளியிட்ட தன்வரலாற்று நூலையும், தமிழ்க் கிறித்தவர் ‘மோட்சப் பிரயாணம்’ என வழங்கும் உருவகக் கதையையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சைவர்க்குப் புறச்சமயத்தார் நூலால் ஆவதென்னை எனின், கூறுதும். எத்தெய்வ வடிவில் ஒருவர் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்போன் சிவபெருமானே என்பது சிவஞான சித்தியார் துணிபு. ஆகலின் ஓர் உயிர் இறைவனை நோக்கித் திரும்பிய வரலாறு எந்நாட்டில் நிகழினும் அது நமக்கும் கற்றற்குரியதேயாம். அன்றியும், திருநெல்வேலி நாட்டு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இக்கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894-ல் வெளியிட்டமையால், இது தமிழுலகிற்கு முற்றும் அயலானதுமன்று.

பனியன், பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடுதல் அவர் குலத்தொழில். பெருங்கல்வி பெற்றிலர், இளமையில் தீமொழி கூறுதலிற் பெயர் பெற்றவர். அவரை மணந்த நங்கையும் வறியவளே. ஒரு தட்டும் ஒரு கரண்டியும் தாமும் இல்லாத இல்லறம் அது. எனினும் அந்நங்கை தன் தந்தை விட்டுச்சென்ற சமய நூல்கள் இரண்டைக் கொண்டுவந்தாள். அந்நூல்களினும் சிறந்ததொன்றையும் உடன் கொணர்ந்தாள். அது தன் தந்தை வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய நினைவு. அவர் எத்துணைத் தூயராய் ஒழுகினார், வீட்டிலும் அயலிலும் தீயது கண்டவிடத்து எங்ஙனம் திருத்தினார் என்பவற்றைக் கணவனுக்கு அடிக்கடி எடுத்துரைப்பாள். மறைந்த முதியவர் ஒருவர் தாம் கண்டறியாத மருமகனுக்குச் செய்த உபதேசமாக அது முடிந்தது.

பின்னொருநாள் பனியன் ஒரு கடையின் முன்னின்று வழக்கம்போல் ஆணையிட்டுத் தீமொழி பகர்ந்தனர். அக்கடையின் உள்ளிருந்த பெண்ணொருத்தி அதனைக் கேட்டுத் தன் உடல் நடுங்குவதாகக் கூறிக் கடிந்தாள். அவளும் நல்லொழுக்கம் உடையவளல்லள். அத்தகையாளே தன்னை இகழ்ந்தமை கண்டு நாணித் தலைகுனிந்த அவர், அன்றுதொட்டுத் தீமொழியை விட்டொழித்தார். அயலார் அவரைப் புகழ்ந்தனர். அவரும் அப்புகழில் மகிழ்ந்திருந்தார். ஆயினும் அகத்தே மாற்றம் யாதும் நிகழ்ந்திலது.

அம்மாற்றத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சியே இத்தன்வரலாற்றின் உயிர்நிலை. தொழில் நிமித்தம் பெட்போர்டு சென்றவர், ஒரு தெருவில் ஏழைப் பெண்டிர் மூன்று நால்வர் வாயிலில் வெயில் காய்ந்தவண்ணம் இருந்து கடவுளைப் பற்றி உரையாடுதலைக் கண்டார். தாமும் சமயப்பேச்சிற் வல்லுநர் என்னும் செருக்குடன் அணுகினார். அவர்கள் பேசியதோ அவருக்கு விளங்காததாயிருந்தது. தம் நெஞ்சின் சிறுமையையும், அச்சிறுமையிடத்தும் இறைவனருள் வந்த வகையையும், சோதனைக் காலத்தே அவ்வருள் தம்மைத் தாங்கியவாற்றையும் அவர்கள் பேசினர். உள்ளத்து மகிழ்ச்சியே நாவாய் நின்று பேசியதுபோல் அது அவர்க்குத் தோன்றிற்று. தாம் அறிந்தது ஒன்றுமில்லை எனத் தெளிந்து அகன்றவர், மீண்டும் மீண்டும் அக்கூட்டத்தை நாடிச் சென்றார்.

இதன்கண் கருதற்பாலன மூன்று. ஒன்று, அப்பெண்டிர் பனியனை நோக்கிப் பேசினாரல்லர். அவரைத் தம் சமயத்திற்கு இழுக்க வேண்டுமென்ற எண்ணமும் அவர்பால் இல்லை. இரண்டு, பிறர் குற்றத்தை விடுத்துத் தம் குற்றத்தையே பேசினர். மூன்று, தனியொருவராயன்றிக் கூட்டமாய் இருந்து பேசினர். அடியாரிணக்கம் என நம் ஆசிரியர் வற்புறுத்துவதன் பயன் இதுவே. அடியாரோடு கூடுதலையும், அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலையும் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், நூல் முடிவில், வைத்தமை நோக்குக.

அற்றேல், அப்பெண்டிர் சொல்லே பனியனை மாற்றிற்று எனலாமோ எனின், அன்று. அவ்வாயிலை அன்று கடந்துசென்றார் பலராவர். கேட்டு நின்றவர் ஒருவரே. மனைவியின் நினைவுரையும், இரு நூல்களும், இழிந்தாள் ஒருத்தியின் கடுஞ்சொல்லும் அவரை முன்னரே பக்குவப்படுத்தி வந்தன. மறைந்து நின்று மலத்தைப் பரிபாகப்படுத்தும் திரோதான சத்தி இவ்வாறே எளியார் வாயிலாகவும் தன் தொழிலை இயற்றும் என்பது நம் சித்தாந்தம். ஆகவே சொல்லுவார்க்குச் செருக்கு ஆகாது. கேளாதார்மேற் சினமும் ஆகாது.

இனி, ‘மோட்சப் பிரயாணம்’. அனுமதியின்றிப் போதித்தார் என்று 1660-ல் சிறைப்பட்ட பனியன், இனிப் போதியேன் என ஒரு சொற் கூறின் விடுதலை பெற்றிருக்கலாம். கூறாமையாற் பன்னீராண்டு சிறையிருந்தார்; காலணிக் கயிறு முடைந்து, பார்வையற்ற மகளை உள்ளிட்ட குடும்பத்தைப் புரந்தார். பேசுதற்காக இத்துணை விலை கொடுத்த ஒருவர் தம் கதையில், 1678-ல் வெளிவந்த முதற் பாகத்தில், வாயாடி என்னும் பொருளுடைய பெயரினன் ஒருவனைப் படைத்துள்ளார். அவன் சமயத்தின் எப்பொருளைக் குறித்தும் இனிக்கப் பேசுவான். அவன் வீட்டிலோ வழிபாடில்லை, வினைத்திருத்தமில்லை. வெளியே அடியவன், அகத்தே கொடியவன். அவனை அறிந்த அயலார் அவன் சமயத்தையே இகழ்கின்றனர். பாவத்தை மேடையிலிருந்து கடிதல் வேறு, அதனை நெஞ்சினின்று வெறுத்தல் வேறு என ஆசிரியர் பகுத்துக் காட்டும் இடம் எச்சமயத்துப் போதகர்க்கும் உறைக்கத் தக்கது.

எனினும் இக்கதை குற்றமற்றதெனல் பொருந்தாது. கதைத்தலைவன் மனைவியும் மக்களும் அழைக்கவும், செவியைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். வீடுபேறு விழைவார்க்கு விரைவு வேண்டுவதே. ஆயினும் இல்லத்தாரைக் கைவிட்டோடும் அவ்வேகம் நெஞ்சை வருத்துகின்றது. ஆசிரியரும் இதனை உணர்ந்தார் போலும்! 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அம்மனைவி நான்கு புதல்வரோடு அதே வழியிற் புறப்படுகின்றாள். அவளைக் காணவந்த அயல்வீட்டுக் கன்னி, கருணை எனப் பொருள்படும் பெயரினள், சிறிது தூரம் உடன்சென்று வழியனுப்புவேன் என்று நடந்தவள், திரும்பாமலே உடன்செல்கின்றாள். அழைப்பின்றி வந்தோமே என அஞ்சி வாயிற்புறத்தே மயங்கி வீழ்ந்த அவளும் உள்ளே ஏற்றுக்கொள்ளப்படுகின்றாள். அயலாரொடு சிறிது தூரம் நடத்தலே அன்பைப் பகிரும் வழி என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா. கலைநயத்தில் முதற் பாகம் மிக்கதாயினும், அன்பின் நயத்தில் இரண்டாம் பாகமே மிக்கதென்பது எம் கருத்து.

கொள்கைவகையில் யாம் உடன்படாததும் ஒன்றுண்டு. இறைவன் சிலரையே தேர்ந்தெடுத்தான். அத்தொகையுள் யாம் உளேமோ இலேமோ என்னும் ஐயம் பனியனை நெடுங்காலம் வாட்டிற்று. சித்தாந்தத்தில் இவ்வச்சத்திற்கு இடமில்லை. தாழ்த்துவது இறைவன் வெறுப்பன்று, ஆணவ மலமேயாம். அம்மலம் பரிபாகமுற்ற காலத்து எவ்வுயிர்க்கும் அருள் பதியும். இவ்வுறுதியுடைய நாம் அயலாரிடத்து அவரினும் பொறுமையும் மகிழ்ச்சியும் உடையராதல் வேண்டுமன்றோ?

ஆயின் நம் நிலை யாது? மேடையில் முப்பொருளுண்மையை நிறுவுகின்றோம். இல்லத்தில் மக்கள் நம் வாயில் இறைவனைப் பற்றி மகிழ்ந்து பேசும் ஒரு சொல்லையேனும் கேட்கின்றனரோ? பிறசமயத்தார் நம்மவரை ஈர்த்துச் செல்கின்றனர் எனக் குறைகூறுமுன், நம் வீட்டு வாயிலில் வெயில் காய்ந்திருந்து நாம் பேசுவது யாதென வினவிக்கொள்ளல் வேண்டும். இவ்வழி நமக்குப் புதியதன்று. திங்களூரில் அப்பூதியடிகள் தாம் நேரிற் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரைத் தம் மக்களுக்கும், ஆக்களுக்கும், அளவைகளுக்கும் இட்டார். வழியில் தண்ணீர்ப்பந்தரும் அப்பெயராலேயே அமைத்தார். நீர்வேட்கையோடு வந்தார்க்கு அவர் வாதம் புரிந்திலர்; நீர் அளித்தார். பருகினார் அனைவரும் அப்பெயரையும் கற்றனர். அப்பந்தரின் நிழல் வழியாகவே அப்பெயருக்குரியவரும் ஒருநாள் எழுந்தருளினார்.

மெய்யன்பர்கள் இதனைச் சிந்தித்து ஒழுகுவாராக.

திருச்சிற்றம்பலம்.