தெர்ம்: படம் அழகு, கணக்கு யாருடையது?

சுவரைத் துளைத்து வெளியே நீளும் பால்கனித் தளம், சன்னல் சட்டம், கூரை மூலை: குளிர்நாட்டு வீடுகளில் வெப்பம் நழுவும் இடங்கள் இவைதான். இவற்றைக் கணக்கிட நான் அதிகம் புழங்கும் மென்பொருள் தெர்ம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் உருவாக்கியது, காசு கிடையாது. வெட்டுத்தோற்றத்தை வரைந்து, பொருள்களையும் எல்லை நிபந்தனைகளையும் கொடுத்தால் போதும். வலையைத் தானே பின்னி, சமவெப்பக் கோடுகளை வண்ணத்தில் காட்டிவிடும்.

சிக்கல் அந்த வண்ணத்தில்தான். படத்தைப் பார்த்ததும் நம்பிடுறோம்.

முதல் குறை எல்லாருக்கும் தெரிந்தது: தெர்ம் இருபரிமாணக் கணக்கு. காப்புப் பலகையைத் துளைக்கும் போல்ட்டை வரைந்தால், அது தாளுக்குச் செங்குத்தாக முடிவில்லாமல் நீளும் உலோகத் தகடாகிவிடும். வரையாமல் விட்டால் போல்ட்டே இல்லை. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கு.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். சுவரின் உள்பரப்பில் ஒட்டியிருக்கும் காற்றுக்கும் வெப்பத்தடை உண்டு. வெப்ப இழப்புக் கணக்குக்கு அது வழக்கமாக 0.13. பூஞ்சை பிடிக்குமா என்று பார்க்க ஜெர்மன் நடைமுறையில் 0.25, அலமாரிக்குப் பின்னாலும் மூலையிலும் காற்று மந்தமாக நகரும் என்பதால்.

கையாலேயே போட்டுப் பாருங்க. சுவரின் தடை 0.5, வெளிப்பரப்பு 0.04, உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 5. உள்பரப்புக்கு 0.13 கொடுத்தால் சுவரின் உள்முகம் சுமார் 15.1 டிகிரி. 0.25 கொடுத்தால் 12.1. அங்கே பூஞ்சைக்கான எல்லை 12.6. அதே சுவர், ஒரு கணக்கில் தேறுது, இன்னொன்றில் தோற்குது. இரண்டு படமும் ஒரே அழகு!

தெர்ம் இதில் குற்றவாளி இல்லை. கேட்டதைச் சரியாகவே கணக்கிடுகிறது. அது சன்னல்களை மதிப்பிடும் அமெரிக்க வழக்கத்தோடு வளர்ந்த கருவி. அங்கே உள்ளே 21, வெளியே மைனஸ் 18. அந்த நிபந்தனைகளை அப்படியே வைத்துக்கொண்டு ஜெர்மன் வீட்டு மூலைக்குத் தீர்ப்பு எழுதினால், பிழை எழுதுபவருடையது. பூஞ்சையைச் சுவாசிப்பது அங்கே குடியிருக்கும் குழந்தை.

அதனால் என் சிபாரிசு ஒன்றுதான்: எல்லை நிபந்தனைகள் கூடவே அச்சாகாத வண்ணப்படத்தை ஆதாரமாக ஏத்துக்காதீங்க. முதலில் எண்ணைக் கேளுங்க, பிறகு படத்தைப் பாருங்க.