சதுர வளையத்தின் நுட்பம்

ஏலகிரி உச்சியிலிருந்து பொன்னேரி அடிவாரம் வரை இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் தாங்கியிருப்பினும், சரக்கேற்றிய பிக்கப் வண்டிக்கு அவை முன் சக்கர பிரேக்கைச் சோதிக்கும் இடங்களே. பெரிய லாரிகளின் காற்று பிரேக்கைப் பிரித்துப் பூட்டுவதே மெய்யான பட்டறை வேலை என்று கருதுவோர் வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் பலர் உண்டு. டிரம் பிரேக்கில் ஷூவைத் திரும்ப இழுக்க உறுதியான ஸ்பிரிங் இருப்பதையும், டிஸ்க் பிரேக்கின் காலிபரில் பிஸ்டனைப் பின்னிழுக்க அப்படியொரு ஸ்பிரிங் இல்லாததையும் எண்ணிப் பார்த்தால், நுட்பம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

பிஸ்டனைச் சுற்றிய பள்ளத்தில் அமர்ந்திருக்கும், வெட்டுமுகம் சதுரமான ஒற்றை ரப்பர் வளையம் பிரேக் ஆயில் கசியாமல் அடைக்கிறது. பெடல் அழுந்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து சற்றே சாய்ந்து, கால் எடுத்ததும் தன் பழைய வடிவுக்கு மீள்கையில் பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னிழுத்து, பேட் டிஸ்க்கை உரசாதபடி விடுவிக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் அவ்வளையத்தின் பிடிக்குள் வழுக்கி முன்னேறுவதால், இடைவெளியைச் சரிசெய்யத் தனிக் கருவியும் வேண்டியதில்லை. இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை பொறுப்பைக் கொடுத்த வடிவமைப்பு வாகனத்தின் வேறெந்தப் பகுதியிலும் காண்பதற்கரியது.

காலிபர் இறுகிப்போவது பெரும்பாலும் இவ்வளையத்தின் குற்றமன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயிலாலும், கிழிந்த டஸ்ட் கவர் வழியே புகும் நீராலும் துரு படிகிறது. அது பள்ளத்தில் சேர்ந்து வளையத்தைப் பிஸ்டனோடு நெருக்குகிறது. உப்பிட்ட பச்சைத்தோல் ஏற்றும் வண்டிகளில், தோலிலிருந்து வடியும் உப்புநீர் அடிப்பாகத்தை எட்டுவதால் துரு மேலும் விரைகிறது. இறுகிய பேட் ஓயாது உரசிச் சூடேறும்போது ஆயிலும் கொதிக்கக்கூடும்; டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் என்றால், ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம்.

நோயறிதலில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது. வண்டி ஒருபுறம் இழுப்பதும், ஒரு சக்கரம் மட்டும் காந்துவதும் எவருக்கும் தெரியும் அறிகுறிகள். ஜாக்கியில் தூக்கிய சக்கரம் பெடலை விட்டபின்னும் சுழல மறுத்தால், தேர்ந்த மெக்கானிக் முதலில் ஏர் எடுக்கும் நிப்பிளைச் சிறிது தளர்த்துவார்: ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால், உள்ளே சிதைந்து ஒருவழி அடைப்பாகிவிட்ட ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ காரணம்; விடுபடாவிட்டால், பிஸ்டனோ, காலிபர் பக்கவாட்டில் நகரத் துணைசெய்யும் கைடு பின்னோ சிக்கியிருக்கிறது. உட்புறப் பேட் மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருப்பின் முதல் சந்தேகம் கைடு பின் மீதே விழ வேண்டும்.

காற்றழுத்தத்தால் பிஸ்டனை வெளியேற்றும்போது எதிரே மரக்கட்டை வைப்பதும், முலாம் குழிவிழுந்த பிஸ்டனை மாற்றுவதும் வழக்கமான வேலைகள். ரசிகரின் கண் நிலைக்க வேண்டிய இடம் அந்தப் பள்ளம். அதன் மூலைகளில் துருத் துளியும் எஞ்சாமல், அதே வேளையில் விளிம்பைக் கீறாமல் சுரண்டி எடுப்பவரே தொழில் தெரிந்தவர். பின்னர் புதிய பிரேக் ஆயிலில் நனைத்த வளையம் முறுக்கின்றிப் பள்ளத்தில் அமர வேண்டும். சாதாரண கிரீஸோ டீசலோ பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

இன்று பல பட்டறைகளில் பிஸ்டனை கிளாம்ப் கொண்டு உள்ளே அழுத்தி, புதுப் பேட் மாட்டி அனுப்பிவிடுகின்றனர். சில நாளில் அதே சக்கரம் மீண்டும் காந்துகிறது. மற்றவர்கள் காலிபரையே முழுதாக மாற்றுகின்றனர். நேரத்தையும் கூலியையும் கணக்கிட்டால் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் ஹோஸ் அடைத்திருந்த வண்டிக்கும் புதுக் காலிபர் பூட்டப்படுவதைப் பார்க்கையில், நிப்பிளைத் தளர்த்திப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தைக்கூட எவரும் செலவிடவில்லை என்பது தெரிகிறது.