யார் படிக்க இந்த லேபிள்?

கடலூர் மாவட்டத்தின் கடலோர சிப்காட்டில் பூச்சிக்கொல்லி தயாராகிறது. அதே மாவட்டத்தில் வீராணமும் கொள்ளிடமும் பாயும் காட்டுமன்னார்கோவில், குமராட்சி பக்கம் மருந்தே தெளிக்காமல் சீரகச் சம்பாவும் கருப்புக் கவுனியும் விளைவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்தடித்த சீரகச் சம்பாவும் அடிக்காததும் அரைத்து அரிசியான பிறகு பார்வைக்கு ஒன்றுதான். முகர்ந்தாலும் சமைத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. விளைவித்தவரைத் தெரியாத வாங்குபவருக்கு மிஞ்சுகிற ஒரே சாட்சி, பாக்கெட்டின் மேல் அச்சிட்ட எழுத்து. அதனால்தான் ஆர்கானிக் லேபிள் விதிகளை வெறும் அலுவலகச் சடங்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

விதிகள் இல்லாத காலத்தில் யார் வேண்டுமானாலும் 'இயற்கை அரிசி' என்று எழுதி விலையைக் கூட்டி விற்கலாம் என்ற நிலை இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017இல் கொண்டுவந்த ஆர்கானிக் உணவு விதிகள் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் அப்படி எழுதுகிறவர் இரண்டில் ஒரு சான்றைக் காட்ட வேண்டும். ஒன்று, 2001 முதல் நடக்கும் தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். மற்றது, உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்து உறுதியளிக்கும் பி.ஜி.எஸ். முறை. நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு நிலம் ஆர்கானிக் முறைக்கு மாறுவதற்கே இரண்டு ஆண்டுகள் ஆகும். பலா, முந்திரி போன்ற மரப்பயிருக்கு மூன்று. அந்த இடைக்கால விளைச்சலை முழு ஆர்கானிக் என்று அச்சிட முடியாது. பல பொருள் கலந்த சத்துமாவு என்றால், தண்ணீரும் உப்பும் நீங்கலாக 95 சதவீதம் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இவையெல்லாம் நல்ல வேலிகள். பண்ருட்டி முந்திரிக்காரர் மூன்று ஆண்டு காத்திருந்ததற்கு மதிப்பு கிடைப்பது, காத்திருக்காதவர் அதே சொல்லைப் பயன்படுத்த முடியாதபோதுதான்.

சேமிப்பிலும் விதி கடுமையானது. அரிசி ஆலைகளில் வண்டுக்கு வைக்கும் நச்சு மாத்திரையை ஆர்கானிக் அரிசிக்கு வைக்கக் கூடாது; சான்று பெற்ற மூட்டையை மற்ற மூட்டைகளோடு கலந்து அடுக்கக் கூடாது. வயலில் காப்பாற்றியதைக் கிடங்கில் இழந்துவிடக் கூடாது என்ற இந்த அக்கறை மிகச் சரியானது. 2020இல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற புகைமூட்ட வாயுவின் எச்சம் பிடிபட்டது. அதில் ஆர்கானிக் முத்திரையோடு போன எள்ளும் இருந்தது. அறுவடைக்குப் பிறகு, கிருமி நீக்கத்தின்போது சேர்ந்த நஞ்சு அது. மறு ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவில் இயங்கிய ஐந்து சான்று நிறுவனங்களின் அங்கீகாரத்தை நீக்கியது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் எள் ரகங்களை வெளியிட்ட மாவட்டம் இது. அந்தச் செய்தியை நாம் தூரத்துச் செய்தியாகப் படிக்கக் கூடாது. ஆர்கானிக் உணவில் பூச்சிக்கொல்லி எச்சம், சாதாரண உணவுக்கு அனுமதித்த அளவில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அல்லது கருவியால் அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவுக்குள் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் இந்த அரிசி எப்போது சோதிக்கப்பட்டது, என்ன கிடைத்தது என்று பாக்கெட்டில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதே விடுபட்டுப் போகிறது.

எழுத வேண்டியவையாவது புரியும்படி இருக்கின்றனவா? பொட்டல உணவின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் கூடுதலாக அச்சிடலாம், கட்டாயமில்லை. குமராட்சியில் விளைந்து, சிதம்பரம் கீழவீதிக் கடையில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி பேரப்பிள்ளைக்கு வாங்கும் அரிசியின் விவரம் அவருக்கு எழுதப்படவில்லை. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளியை எழுத்தறியாதவரும் அடையாளம் காண்கிறார். ஆர்கானிக் இலச்சினைக்கு அந்தப் பரிச்சயம் இன்னும் வரவில்லை. என் கணிப்பில் இந்த விதிகளின் ஆகப் பெரிய குறை இதுதான்: இந்த லேபிள் ஆய்வாளரோடு பேசுகிறது, சாப்பிடுகிறவரோடு பேசவில்லை.

சிறு உழவருக்கு விலக்கு இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் சான்று தேவையில்லை. உழவர் சந்தையில் தன் விளைச்சலைத் தானே அளந்து விற்கிறவருக்கு இது நியாயமான ஏற்பாடு. முகத்துக்கு முகம் பார்த்து விற்கும்போது கேள்வி கேட்க முடிகிறது. ஆனால் நடவு, களையெடுப்பு நாட்களில் அவரால் கடலூர் வந்து உட்கார முடியாது. அதே மூட்டையை மஞ்சக்குப்பம் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் விலக்கு போய்விடுகிறது. பிறகு சான்று, உரிம எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, அச்சு, உறை எல்லாம் வேண்டும். கிலோ கணக்கில் கொஞ்சமாக விற்கிறவருக்கு அச்சுச் செலவே கையைக் கடிக்கும்.

மாத்திரை வைக்க முடியாத அரிசிக்கு வண்டு வராமலிருக்கக் காற்று நீக்கிய கனத்த பிளாஸ்டிக் உறைதான் இப்போது எளிய வழி. தேவையற்ற உறையைத் தவிர், மக்கும் பொருளைப் பயன்படுத்து என்று அதே ஆர்கானிக் தரநிலைகள் சொல்கின்றன. மண்ணைக் காக்க விளைந்தது மண்ணில் மக்காத உறையில் வருவது எனக்கு வலிக்கிறது.

திருத்தம் கடினமல்ல. தமிழ்நாட்டில் விற்கும் ஆர்கானிக் பாக்கெட்டில் விளைந்த ஊர், அறுவடை மாதம், சான்றின் வகை, கடைசி எச்சச் சோதனையின் முடிவு ஆகிய நான்கும் தமிழில் கட்டாயமாக வேண்டும். பி.ஜி.எஸ். குழுவின் அரிசியைக் கடைக்காரர் சாக்கிலிருந்தே அளந்து விற்கவும், அந்தச் சாக்கின் விவரத்தைப் பலகையில் எழுதி வைக்கவும் தெளிவான வழி வேண்டும். மாநிலத்தின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை கையில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. இந்தச் சாக்குகளில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலையை இங்கிருந்தே தொடங்கலாம்.