நாய்க்கு நைனா

எனக்கு வயது 56. போன புரட்டாசியில் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் ஒரு நாய்க்குட்டியைப் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குட்டி 'ஊய் ஊய்' என்று அழுதது. நான் 'ஆராரோ' என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தூக்கம் கலைந்து எழுந்து வந்த மனைவி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொண்ணு அழுதப்போ ஒரு நாள் எழுந்திருச்சிருப்பீங்களா? இப்போ நாய்க்கு நைனா ஆயிட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் குடுபல்லிப் பக்கம் அப்பாவை நைனா என்போம். தெலுங்கு நாயனா, தமிழ் வீட்டுக்குள்ளும் நுழைந்து நைனா ஆகிவிட்டது. அவள் வைத்த பட்டம் மறுநாளே டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. "என்ன நாய்நைனா, ஸ்ட்ராங்கா லைட்டா?" என்கிறார்கள். எனக்குக் கோபமா? பட்டாபிஷேகம் பண்ணிவைத்த மாதிரி இருக்கிறது.

நாய் வளர்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் ஒன்றா என்று கேட்டால், ஒரு வருஷம் முன்னால் நானும் சிரித்திருப்பேன். இப்போது கேளுங்கள். உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகிற பாதையில் குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் ஊர். சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடி. இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்பு பெங்களூரில், தூக்கம் மட்டும் வீட்டில். 23 வருஷம் நானும் அப்படித்தான். விடியாத இருட்டில் பாசஞ்சர் ஏறினால் ராத்திரி இருட்டில் இறங்குவேன். என் மகள் வளர்ந்ததெல்லாம் அந்த இரண்டு இருட்டுக்கும் நடுவில். நான் பார்த்தது பெரும்பாலும் தூங்குகிற பிள்ளையைத்தான்.

வேலையை விட்டேன். கடைசி சீசன் டிக்கெட் முடிகிற நாள் மழை. பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு செம்மண் நிற உருண்டை, முன்னங்காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. தாயைக் காணோம். பெட்டை. இந்தக் கையில் காலாவதியான சீசன், அந்தக் கையில் குட்டி. சாப்பாட்டுப் பையைக் காலிபண்ணி அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேர் வைக்க ஜோசியரா வேண்டும்? சீசன்!

முதல் இரண்டு மாதம் இருக்கிறதே, அட அட அட! இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசி. துணி மாற்று, தரையைத் துடை. சொம்பு, துடைப்பம், செருப்பு எல்லாம் வாய்க்குள். எதுவும் எட்டாத உயரத்துக்குப் போனது. ராகிக் களியை மோரில் கரைத்து, அவித்த முட்டையைப் பிசைந்து, சூடு ஆறிவிட்டதா என்று நானே உதட்டில் வைத்துப் பார்த்து ஊட்டினேன். வெங்காயம் ஆகாது, சாக்லேட் விஷம், திராட்சை கூடவே கூடாது என்று படித்த நாளிலிருந்து சமையலறையில் நான் செய்த கெடுபிடி மாமியார்கூடச் செய்யமாட்டாள்.

பிறகு தடுப்பூசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் விட்டு மறுபடியும், மூன்றாவது மாதம் வெறிநாய்க்கடி ஊசி. பார்வோ என்று ஒரு வைரஸ் உண்டு. குட்டிக்கு வாந்தியும் ரத்தப்பேதியுமாய் வந்து ஓரிரு நாளில் ஆளையே சாய்த்துவிடும். அந்த ஊசிக் கெடு முடியும்வரை தெருநாய் மோந்த மண்ணில் சீசனின் காலைப் படவிடவில்லை. தோளில் போட்டுக்கொண்டுதான் ஊர்வலம். கால்நடை டாக்டர் கொடுத்த அட்டையைப் பத்திரப்படுத்த பீரோவைத் திறந்தால், பிளாஸ்டிக் கவருக்குள் மகளின் அட்டை. பி.சி.ஜி., போலியோ சொட்டு, முத்தடுப்பு, தட்டம்மை. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே மனைவி பேனாவால் ஒரு சின்ன டிக் போட்டிருந்தாள். அந்த ஊசிகளில் ஒன்றுக்குக்கூட நான் கூடப் போனதில்லை. இரண்டு அட்டையையும் ஒரே கவரில் வைத்தேன்.

அந்தக் கவரில் மூன்றாவதாக ஒரு சீட்டும் உண்டு. அது என்னுடையது. பல் முளைக்கிற தினவில் சீசன் என் ஆள்காட்டி விரலைப் பதம்பார்த்துவிட்டாள். சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் கழுவினேன், அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள் என்று ஊசி. என் குட்டிதானே, செல்லக்கடிதானே என்று விடக்கூடாது ஐயா. வெறிநோய் கண்டபின் பிழைப்பது ஏறக்குறைய கிடையாது. பாசம் வேறு, புத்தி வேறு. ஊசி போட்ட நர்ஸ் "பிள்ளை கடிச்சிடுச்சா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், எனக்கு இனித்தது.

படிப்புக்கு வருவோம். ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் முட்டிக்கொள்கிற ஊர் எங்களுடையது. நான் 'வா' என்பேன். எதிர்வீட்டு ரெட்டியார் 'ரா' என்பார். கோலார் பக்கத்திலிருந்து வருகிற பால்காரர் 'பா' என்பார். சீசன் மூன்றுக்கும் ஓடுவாள்! மூன்று மொழியும் கூடிப் பேசி அவளுக்காகவே இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் 'உட்காரு', 'கூர்ச்சோ', 'கூத்கோ' மூன்றும் மூன்று திசையில் போகிறதே, அதையும் ஐந்து மாதத்தில் பிடித்துவிட்டாள். அமெரிக்காவில் சேஸர் என்று ஒரு பார்டர் காலி நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பேர் சொன்னால் எடுத்துவந்ததாம். இருக்கட்டும். மும்மொழியில் உட்காரத் தெரிந்திருக்குமா அதற்கு?

மகள் திருப்பதியில் படிக்கிறாள். என் பைத்தியத்தைப் பார்த்து அவளே செல்போனில் ஆராய்ச்சிச் சங்கதிகளாக அனுப்ப ஆரம்பித்தாள். அதில் ஒன்று, மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியல் அறிஞர் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை. புது அறையில் தாயும் பிள்ளையும். அந்நியர் ஒருவர் வருவார், தாய் வெளியே போவாள், திரும்பி வருவாள். தாய் போகும்போதும் வரும்போதும் பிள்ளை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம். 1998-ல் ஹங்கேரியில், புடாபெஸ்டின் ஒத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்து ஆட்கள் இதே சோதனையை நாய்களை வைத்துச் செய்தார்கள். எஜமானர் இருந்தால் நாய் தைரியமாக விளையாடுகிறது, அவர் போனால் கதவையே பார்க்கிறது, வந்தால் பாய்ந்து ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் தாயிடம் ஒட்டிக்கொள்கிற மாதிரியே!

நான் சும்மா இருப்பேனா? டீக்கடையை ஆய்வுக்கூடம் ஆக்கினேன். சீசனைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் புளியமரத்து மறைவில் நின்று பார்த்தேன். பொறை பிஸ்கட் நீட்டினார், மோந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நான் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் தாங்கியிருப்பேனா, தெரியாது. திரும்பி வந்தேன். அவள் செய்த ஆர்ப்பாட்டத்தில் இரண்டு கிளாஸ் டீ கவிழ்ந்தது. காசு நான்தான் கொடுத்தேன். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் தண்டம் கட்டியதில்லை.

இன்னொன்று, 2015-ல் ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தின் நாகசாவாவும் கூட்டாளிகளும் கண்டது. நாயும் மனிதரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்குப் பிள்ளையிடம் பாசம் பெருகுவதில் பங்குள்ள, தாய்ப்பால் சுரக்க உதவுகிற அதே சுரப்பு. ஆளோடு வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லையாம். குதித்துக்கொண்டு போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது பட்டுப்புழுத் தட்டில் மல்பெரி இலையைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்: "ராவெல்லாம் கண்ணு முழிச்சுப் பால் கொடுத்து எனக்கு ஊறினது, உங்களுக்கு நாய் மூஞ்சப் பார்த்தே ஊறுதா? குடுத்து வெச்சவங்கதான் நீங்க."

பதில் இல்லை. அவள் சொல்வதற்கு ஒரு எடை உண்டு. பிள்ளையையும் வளர்த்து, மாதா மாதம் தட்டுத்தட்டாகப் புழுவையும் வளர்ப்பவள். புழு நான்கு முறை தோலுரித்துப் பெரிதாகிக் கூடு கட்டும்வரை வேளைக்கு இலை, சரியான சூடு, கையில் ஒரு அழுக்கு இல்லாமல். அந்தக் கொட்டகைக்குள் சீசனுக்கு அனுமதி கிடையாது. வாசற்படியில் தாடையை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு கண்ணால் பார்த்தபடி படுத்திருப்பாள். பள்ளிக்கூட ஜன்னலில் எட்டிப்பார்க்கும் தங்கச்சிப் பாப்பா மாதிரி.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி கஸ்தூர்பா ரோட்டு அருங்காட்சியகத்தில் நுழைந்தேன். அங்கே ஆதகூர் கல் என்று ஒன்று. நாயும் காட்டுப்பன்றியும் கட்டிப்புரளுகிற சிற்பம், சுற்றிலும் பழைய கன்னட எழுத்து. அன்றைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிறதென்று வந்துவிட்டேன். சீசன் வந்த பிறகுதான் அதன் கதையைத் தேடிப் படித்தேன். 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்தானே, அந்தப் போரில் எதிர்ப்படையில் கங்க அரசன் பூதுகனுக்காகச் சண்டையிட்டவன் மணலேரன். "என்ன வேண்டும், கேள்" என்று அரசன் சொன்னபோது அவன் கேட்டது காளி என்ற நாயை! ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். பிறகு அந்தக் காளி ஒரு பெரிய பன்றியோடு மோதி இரண்டும் செத்துப்போக, காளிக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லைக் கும்பிடாமல் பூசாரி சோறு தின்றால் பாவம் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. வீரன் பக்கத்திலேயே கோவிவன் என்று பேர் சொல்லி நாயையும் செதுக்கி, இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதியிருக்கிறார்கள். என்னை நாய்நைனா என்று சிரிப்பவர்கள் முதலில் மணலேரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரட்டும்.

எல்லாமே கொண்டாட்டம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் பட்டாசு தீபாவளிக்கு மட்டும் வெடிப்பதில்லை. காட்டு யானை ராகிக் கொல்லையில் இறங்கினாலும் வெடிப்பார்கள். அந்த ராத்திரிகளில் சீசன் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவாள். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். மகள் இடிக்குப் பயப்படுவாள் என்று அப்போதுதான் மனைவி சொன்னாள். எட்டு வயசு வரை பயப்படுவாளாம். எனக்குத் தெரியாது.

எங்கே வித்தியாசம் என்றால், மகளைப் பார்த்தபோதெல்லாம் எனக்குப் பின்னால் நாளைக்கு என்று ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஃபீஸ், மார்க், கல்யாணம். தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டவன் நான். சீசனைப் பார்த்தால் எந்தக் கணக்கும் ஓடுவதில்லை. இவள் வயதைக் கணக்குப் போட்டேன், ஒரே ஒரு முறை. நாய்க்குப் பன்னிரண்டு பதினைந்து வருஷம் என்றால் எனக்கு அப்போது... அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றபடி அவள் வாலை அவளே துரத்துவதை அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன், முதலில் இருந்து கடைசி வரை. வேறு எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. "எதிர்த்துப் பேசாதில்ல, அதான்" என்கிறாள் மனைவி. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன சங்கராந்திக்கு மகள் வந்தாள். சீசனுக்குப் பால்பல் விழுகிற பருவம். நாய்க்குட்டிகள் பெரும்பாலும் பல்லை விழுங்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. நான் மட்டும் தினமும் பாயை உதறிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அரிசிமணி அளவு. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதன்மேல் வைத்திருந்ததை மகளிடம் பெருமையாகத் திறந்து காட்டினேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "என் முதல் பல் எப்போ விழுந்துச்சு நைனா?"

நான் மனைவியைப் பார்த்தேன். "ஆறு வயசுல, கார்த்திகை மாசம். வேர்க்கடலை தின்னும்போது. சாணியில் உருட்டி நாங்க ரெண்டு பேரும் கூரை மேல எறிஞ்சோம்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. பிறகு அவளே சொன்னாள்: "இதையும் எறியுங்களேன். தீப்பெட்டியில் வெச்சா எப்படி முளைக்கும்?"

மகள் மாட்டுக்கொட்டகைக்கு ஓடி சாணி எடுத்துவந்தாள். பல்லை வைத்து உருட்டி என் கையில் கொடுத்தாள். பல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, இருந்தாலும் எறிந்தேன். சீசன் அதைப் பந்து என்று நினைத்துக்கொண்டாள். ஓட்டுக்கு மேலே போன பந்து அந்தப் பக்கம் விழுமே என்று வீட்டைச் சுற்றி ஒரே ஓட்டம். பின்வாசலில் இல்லை. திரும்ப முன்வாசல். மறுபடியும் பின்வாசல். ஓட்டைப் பார்த்து ஒரு குரைப்பு, எங்களைப் பார்த்து ஒரு குரைப்பு. மகளுக்கு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

ஆறு மாதம் ஆகிறது. இன்றைக்கும் சாயங்காலமானால் சீசன் முற்றத்தில் உட்கார்ந்து அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.