புதிய பதிப்பை உடனே ஏற்கலாமா?

கணிப்பொறியின் இயக்க அமைப்புக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டால் உடனே ஏற்றிக்கொள்ளத் துடிப்பவர் பலர். சோதித்த பிறகுதானே வெளியிடுகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபர் 2-இல் வெளியிட்ட பதிப்பு அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது.

நான்கே நாட்களில் அது நிறுத்தப்பட்டது. காரணம், சிலருடைய கோப்புகள் அழிந்து போயின. ஆவணங்கள், படங்கள் வைக்கும் கோப்புறைகளைச் சிலர் வேறு வட்டுக்கு மாற்றிக்கொள்வதுண்டு. அத்தகையோருக்கு ஏப்ரல் பதிப்பில் வெற்றுக் கோப்புறைகள் இரட்டையாகத் தோன்றின. அவற்றை நீக்குவதற்கென்றே அக்டோபர் பதிப்பில் ஒரு நிரல் சேர்த்தார்கள். அதுவோ பழைய இடத்திலிருந்த கோப்புறைகளை, உள்ளிருந்தவற்றோடு சேர்த்தே துடைத்துவிட்டது!

வெளியீட்டுக்கு முன்பே சோதனையாளர் சிலர் இதைத் தெரிவித்திருந்தனர். புகார்கள் சிலவே என்பதால் அவை கவனம் பெறவில்லை. வழக்கமான இறுதி முன்னோட்டச் சுற்றும் அம்முறை நடக்கவில்லை. இழப்பைத் தெரிவித்தோர் பத்தாயிரத்தில் ஒருவரே என்றது நிறுவனம். பொத்தானின் நிறம் பிறழ்வது பத்தாயிரம் பேருக்கு நேர்ந்தாலும் பொறுக்கலாம். ஒருவருடைய ஆய்வேட்டின் ஒரே படி அழிவதை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா? புகாரின் கடுமையையும் குறிப்பிட வழி செய்தது அதன் பிறகுதான்.

திருத்திய பதிப்பு நவம்பர் 13-இல் வந்தது. தானாக வந்து சேரும்வரை காத்திராமல், முதல் நாட்களில் தாமே தேடி ஏற்றியவர்கள்தாம் இப்பிழையில் அகப்பட்டனர். ஆறு வாரம் பொறுத்தவர்களின் கோப்புகள் தப்பின.