ஒத்துக்காது, சேராது, ஆகாது: ஒவ்வாமைப் பட்டியல்கள் பற்றி ஒரு விமர்சனம்

அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் எட்டு மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்று கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கம். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, தக்காளி, கத்தரிக்காய் என்று பத்தொன்பது பொருள்கள். பக்கத்தில் சிவப்பு, மஞ்சள் கட்டங்கள். அக்கா மகனுக்கு நாலு வயது. இரண்டு தடவை உடம்பெல்லாம் தடிப்பு வந்ததால் எடுத்த பரிசோதனை அது. தாளில் இருந்த எதையும் கொடுக்கவில்லை. பையன் இளைத்துக்கொண்டே போனான். எடை குறைந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. அதற்கு முன், "நல்ல வேளை, கண்டுபிடிச்சுட்டாங்க" என்று சொன்னவனும் நான்தான்.

அதன் பிறகு தேடிப் படித்ததில் எடுத்த குறிப்புகள் இவை. என் விமர்சனம் அந்தத் தாள் மேல் மட்டும் இல்லை. வாட்ஸப்பில் சுற்றும் "ஒவ்வாமை தரும் பத்துப் பொருள்கள்" வகைப் பட்டியல்கள் மேலும்தான். அவை பொருளின் பெயரைச் சொல்கின்றன. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிடுகின்றன. அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது பயம் மட்டுமே.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. நாம் "ஒத்துக்காது", "சேராது", "ஆகாது" என்று சொல்வதில் எல்லாமே அடங்கிவிடும். 1906இல் "அலர்ஜி" என்ற சொல்லை உருவாக்கிய வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கேயும் அதை அகலமான பொருளில்தான் வைத்தார். ஒரு பொருளைச் சந்தித்த பிறகு உடம்பு எதிர்வினை காட்டும் விதம் மாறுவது, அவ்வளவுதான். இன்று மருத்துவத்தில் அதன் பொருள் சுருங்கிவிட்டது. நம் பேச்சில் சுருங்கவில்லை.

"பால் ஒத்துக்காது" என்பதையே எடுத்துக்கொள்வோம். பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுட என்று கத்தி, கழிந்தால் பெரும்பாலும் அது லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு. அவஸ்தைதான், ஆனால் ஒவ்வாமை இல்லை. பலருக்குத் தயிர் பிரச்சினை தராது. பால் புரதத்தை நோய் எதிர்ப்பு அமைப்பு எதிரியாக நினைத்து ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருந்தால், அது வேறு கதை. அடுத்த தடவை அந்தப் புரதம் உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் கொட்டும். சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்று வரலாம். இவருக்குத் தயிரும் ஆபத்து.

மீனிலும் இதே குழப்பம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காவிட்டால், பாக்டீரியா அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். கோளாறு அந்த மீனில், ஆளிடம் இல்லை. ஆனால் "எனக்கு மீன் சேராது" என்று ஆயுசுக்கும் முடிவாகிவிடுகிறது.

உணவுக்கு வெளியே வந்தாலும் பட்டியல்கள் இப்படித்தான். "தூசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். படிப்பவர் ரோட்டுப் புழுதியை நினைத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். வீட்டுத் தூசியில் முக்கியமான குற்றவாளி மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி. குறிப்பாக அதன் கழிவு. அதற்கு வழி, தலையணை உறையையும் விரிப்பையும் வாராவாரம் நல்ல வெந்நீரில் துவைப்பது. "பூனை முடி" என்பார்கள். முக்கியமான புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருக்கிறது, முடி அதைச் சுமக்கிறது. ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஆனால் அது பெரும்பாலும் எரிச்சல், ஒவ்வாமை அல்ல. கவரிங் தோடு போட்ட இடத்தில் அரித்துப் புண்ணாவது உண்மையான ஒவ்வாமைதான், பெரும்பாலும் நிக்கலால். தலைச்சாயமும் அப்படித்தான். இவை ஓரிரண்டு நாள் கழித்துக்கூட வரும். வேலை செய்வது வேறு செல்கள் என்பதால் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையில் தெரியாது. முதுகில் ஒட்டிப் பார்க்கும் பட்டைச் சோதனை வேண்டும். ஒரே பட்டியலும் ஒரே பரிசோதனையும் இத்தனையையும் எப்படிப் பிடிக்கும்?

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். அதில் அளந்திருந்தது ஐஜிஇ கூட இல்லை, ஐஜிஜி. நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு எதிராக ஐஜிஜி உண்டாவது சாதாரணம். அந்த உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது. ஐஜிஇ பாசிட்டிவ் வந்தாலும் அதுமட்டுமே போதாது. எதிர்ப்பொருள் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறவர்கள் நிறைய.

"தவிர்த்தா என்ன நஷ்டம், பாதுகாப்புதானே?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். வேர்க்கடலை விஷயத்தில் பெரிய மருத்துவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இல் சொன்னது. 2008இல் அதைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் நடந்த லீப் ஆய்வின் முடிவு வந்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவு தொடர்ந்து கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம். தோல் சோதனை ஏற்கெனவே வலுவாகக் காட்டிய குழந்தைகளை இதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் வீட்டில் இதைத் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது.

ஒவ்வாமையை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உண்மையில் இருப்பவருக்குத் துளி வேர்க்கடலையோ இறாலோகூட உயிர்ப் பிரச்சினை ஆகலாம். மூச்சு அடைத்தால், மயக்கம் வந்தால் அட்ரினலின் ஊசிதான் வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பத்தொன்பது பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவில் இந்த ஒரு நிஜ எச்சரிக்கை தொலைந்துபோகிறது என்பதுதான் என் கோபம்.

கடைசியில் அக்கா போன குழந்தை மருத்துவர் தாளைப் பார்ப்பதற்கு முன் கேள்வி கேட்டார். என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்தது, அதையே மறுபடி சாப்பிட்டபோதும் வந்ததா, அப்போது காய்ச்சல் இருந்ததா? இரண்டு தடவையும் சளியும் காய்ச்சலும் இருந்தது. குழந்தைகளுக்குத் திடீர்த் தடிப்பு வர இதுதான் சகஜமான காரணம் என்றார். அவர் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். பத்தொன்பதும் ஒத்துக்கொண்டன.

தாளைக் கிழித்தாயிற்று, எடையும் ஏறிவிட்டது. ஆனால் போன வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டில், எல்லாக் குழந்தைகளும் கேக்கை வாயில் போட்டுக்கொண்டிருக்க, இவன் தட்டைப் பிடித்தபடி அக்காவிடம் வந்து கேட்டான்: "அம்மா, இது எனக்கு ஒத்துக்குமா?"

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், அந்த மருத்துவர் கேட்ட நாலு கேள்வியை முதலில் எழுதிப் பாருங்கள். பதிலோடு ஒரு நல்ல மருத்துவரிடம் போங்கள்.